ஹால் நிரம்பினாலும் மேசையில் விற்பனை இல்லை: மார்கழி சீசனில் ரசிகர் எப்போது செலவழிக்கிறார்?

சுங்குடிக்கடை, மதுரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் சுங்குடிப் புடவை செய்து விற்கிறேன். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சரக்கு மட்டும்தான். மெழுகு அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட் எதுவும் எடுப்பதில்லை. நாலு வருஷமாக மார்கழி இசை சீசனுக்குச் சென்னை வந்து, தி.நகர் பக்கம் ஒரு சபாவின் வராந்தாவில் இரண்டு மேசை போட்டு உட்காருகிறேன். வாடகை, பார்சல் கூலி, ரூம், உதவிக்கு வரும் தங்கச்சி மகளின் சாப்பாடு எல்லாம் சேர்த்தால் சின்னத் தொகை இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

போன சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெரிய பாடகரின் கச்சேரி. ஹவுஸ்ஃபுல். வாசலில் கார் நிறுத்த இடமில்லாமல் தெருமுனை வரை நின்றது. இன்று மேசை காலியாகிவிடும் என்று நினைத்து ரூமிலிருந்து இன்னொரு மூட்டையையும் எடுத்துவரச் சொன்னேன். அன்று விற்றது மூன்று புடவை. இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மதியம். இளம் பாடகி, டிக்கெட் இல்லாத கச்சேரி, ஹாலில் எண்ணினால் எண்பது தலை தேறாது. அன்று பதினொரு புடவை. ஒரு நாள் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் நாலு வருஷ நோட்டையும் புரட்டிப் பார்த்தேன், கிட்டத்தட்ட எல்லா வருஷமும் இதே கதைதான்.

வரும் சீசனுக்கு சபாவில் இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, கடைசிப் பத்து நாள், மாலை 4 மணி முதல் 9 மணி வரை மட்டும், நாளுக்கு ₹2,000. இன்னொன்று, நடுவில் ஆறு நாள், காலை 10 மணியிலிருந்து இரவு வரை, நாளுக்கு ₹3,000. பெரிய பெயர்கள் எல்லாம் மாலையில்தான். ஸ்டால் போடும் மற்றவர்கள் எல்லாரும் மாலைதான் வேண்டும் என்கிறார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

கச்சேரிக்கு வருகிறவர் கூடுதலாகச் செலவழிப்பது எதைப் பொறுத்தது? வசதியா, வயதா, வெளியூரா, டிக்கெட் விலையா? சீசனை உள்ளிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

டைரி ரசிகன், கோவை

அம்மா, நான் ஓய்வு பெற்ற வங்கி ஊழியன். சீசன் செலவை 1998 முதல் தனி நோட்டில் எழுதி வருகிறேன். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அந்த நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

2013 வரை நாங்கள் மயிலாப்பூரில் இருந்தோம். அந்த வருஷங்களில் என் சீசன் செலவு என்பது டிக்கெட், காபி, எப்போதாவது ஒரு ஆட்டோ, அவ்வளவுதான். பசித்தால் வீட்டுக்கு நடந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன். சபாவில் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. 2014ல் மகனோடு இருக்க கோவைக்கு வந்தோம். அதன்பிறகு சீசனுக்குச் சென்னை போவது ஒரு யாத்திரை மாதிரி. ஏழெட்டு நாள் ஒரு லாட்ஜில் தங்கல். மூன்று வேளையும் கேண்டீன். கோவை திரும்பும்போது பேத்திக்கு, மருமகளுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று கையில் ஏதாவது இருக்க வேண்டும். கச்சேரியும் நான் கேட்கும் விதமும் மாறவில்லை. செலவு மட்டும் ஐந்து மடங்கு ஆனது. ஊர் மாறியதுதான் காரணம், வசதி கூடியதல்ல. பென்ஷன் என் பழைய சம்பளத்தைவிடக் குறைவுதான்.

இந்த சீசனின் விதையே வெளியூர்க்காரர்கள் வந்து கூடிய ஒரு மாநாட்டில்தான். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதை ஒட்டி அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதன் பலனாக 1928ல் மியூசிக் அகாடமி வந்தது. இன்றும் கல்யாண மண்டபத்துக்கு வந்தவர்கள் மாதிரி பையும் பிளாஸ்க்குமாக நாள் முழுக்க சபாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்தான். உங்கள் செவ்வாய் மதியத்து எண்பது பேரில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்களாக இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

யாரோடு வருகிறோம் என்பதும் முக்கியம். தனியாகப் போன வருஷங்களில் நான் ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி கேட்டிருக்கிறேன், எதுவும் வாங்கவில்லை. மனைவியும் அவள் தங்கையும் கூட வந்த வருஷங்களில் கச்சேரி இரண்டாகக் குறைந்தது. அந்த மூன்றாவது கச்சேரி நேரம் முழுக்க வராந்தாவில்தான் கழிந்தது. புடவையைத் தனியாக நின்று யாரும் வாங்குவதில்லை. "இது எனக்கு எடுப்பாக இருக்குமா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

தேதியையும் பாருங்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பென்ஷன் மாசக் கடைசியில்தான் கணக்கில் ஏறும். டிசம்பர் 20லிருந்து 28 வரை கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். ஊரில் பணம் புழங்கவில்லை என்றால் சபாவிலும் புழங்காது. 2016 டிசம்பரை மறக்க முடியாது. நவம்பர் 8ம் தேதி பழைய 500, 1000 செல்லாது என்றார்கள். டிசம்பர் 5ம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா மறைவு, 12ம் தேதி வர்தா புயல். அதற்குப் பிறகும் கச்சேரிகள் நடந்தன, நானும் போனேன். புது 2,000 ரூபாய் நோட்டைக் கொடுத்து இரண்டு இட்லி, ஒரு காபி கேட்டேன். சில்லறை இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த வருஷ நோட்டில் என் செலவுக் கணக்கு ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

---

கூப்பன் கவுண்டர்

அக்கா, நான் ஆறு சீசன் சபா கேண்டீன்ல கூப்பன் கவுண்டர்ல உட்கார்ந்தவ. எங்க சித்தப்பா சமையல் குழு வெச்சிருக்கார். மார்கழியில முகூர்த்தம் கிடையாது, கல்யாண ஆர்டர் வராது. அதனாலதான் நல்ல சமையல்காரங்க எல்லாரும் அந்த மாசம் சபாவுக்கு வந்துடறாங்க. கேண்டீனுக்கு இவ்வளவு நல்ல பேர் கிடைச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

நீங்க எத்தனை பேர் வர்றாங்கன்னு பாக்குறீங்க. எத்தனை பேர் *சும்மா இருக்காங்க*ன்னு பாருங்க. ராத்திரி கச்சேரிக்கு வர்றவங்க ஆபீஸ் முடிச்சு, டிராஃபிக்ல மாட்டி, ஆறே முக்காலுக்கு மூச்சு வாங்க ஓடி வருவாங்க. முடிஞ்சதும் டிரைவர் போன் பண்ணுவார். நடுவுல அவங்களுக்குக் கிடைக்கறது ஒரே ஒரு இடைவெளிதான், தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்னு தாள வாத்தியம் மட்டும் வாசிக்கற நேரம். மிருதங்கம் தொடங்கினதும் கதவு திறக்கும், பத்து நிமிஷத்துக்குள்ள நானூறு பேர் வெளிய. (எங்களுக்கு வியாபாரம்தான், ஆனா அந்த வித்வானை நினைச்சா எனக்கு ஒவ்வொரு தடவையும் வருத்தமா இருக்கும்.) அந்தப் பத்து நிமிஷத்துல கீரை வடை விக்கலாம், காபி விக்கலாம். புடவை விக்க முடியாது.

மதியம் அப்படி இல்ல. பன்னண்டு மணிக் கச்சேரி முடிஞ்சு இலைச் சாப்பாட்டுக்கு உட்காருவாங்க. சாம்பார், ரசம், அக்காரவடிசில் எல்லாம் முடிச்சு எழுந்திருக்கும்போது அடுத்த கச்சேரிக்கு முக்கால் மணி நேரம் இருக்கும். வயிறு நிறைஞ்சிருக்கு, போறதுக்கு இடமில்ல, வெயில்ல வெளிய நடக்க மனசு வராது. கை கழுவிட்டு வர்ற வழியில என்ன இருக்கோ அதுதான் அவங்க கண்ணுக்குப் படும். உங்க மேசை இப்போ எங்க இருக்கு? மெயின் வாசல் பக்கமா? அப்படின்னா அதைக் கேட்டு மாத்திக்குங்க. கேண்டீனுக்கும் ஹாலுக்கும் நடுவுல கிடைக்கற மூலையே போதும். ஒரு துண்டு மட்டும் மறக்காம வெச்சிருங்க. ஈரக் கையோட நல்ல புடவையைத் தொட எந்த மாமியும் கூச்சப்படுவாங்க, அப்படியே நகந்து போயிடுவாங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. சாப்பிட மட்டும் வர்ற கூட்டம் ஒண்ணு இருக்கு. குடும்பமா கார்ல வந்து, இலை போட்டுச் சாப்பிட்டு, பீடா போட்டுக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. எங்க கல்லாவுக்கு அவங்கதான் தெம்பு, ஆனா உங்களுக்கு அவங்களால பிரயோஜனம் கம்மி. அப்புறம் வைகுண்ட ஏகாதசி எந்தத் தேதியில வருதுன்னு பாருங்க. 2023ல டிசம்பர் 23, சனிக்கிழமை. சனிக்கிழமைன்னு நம்பி அரிசி கூட எடுத்திருந்தோம். இலை பாதிதான் ஓடிச்சு, ரவா உப்புமாவும் பாலும் மட்டும் போச்சு. வழக்கமா வர்ற பாதிப் பேர் விரதம், மீதிப் பேர் பெருமாள் கோவில்ல வரிசையில நின்னாங்க.

---

சுங்குடிக்கடை, மதுரை

ஈரக் கை! நாலு வருஷமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. மேசைக்கு வந்து, புடவையைப் பார்த்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சொல்லும் "சும்மா இருக்கும் நேரம்" எனக்கு இன்னொரு வகையிலும் பொருந்துகிறது. ஒரு முந்தானையை மட்டும் முடிச்சு அவிழ்க்காமல் சாயத்தோடு காயவைத்துக் கொண்டுவருவேன். அது பார்க்க முரட்டுத் துணிபோலச் சுருங்கி, மிளகு கொட்டின மாதிரி புடைத்திருக்கும். கேட்கிறவர் கையில் ஒரு ஓரத்தைக் கொடுத்து, மறு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டு, குறுக்காக இழுங்கள் என்பேன். பட்பட் என்று நூல் தெறிக்கும். முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி, அதன் நடுவில் சாயம் கசிந்த ஒரு சின்னப் பொட்டு. எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இருக்காது. அச்சுத் துணியில் இது வராது. இதைத் தன் கையால் செய்தவர் பிறகு "₹900க்குக் கடையில் சுங்குடி கிடைக்கிறதே" என்று கேட்பதே இல்லை. என் புடவை ₹3,200லிருந்து தொடங்குகிறது. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. எங்கள் தெருப் பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவில் பத்து நாளுக்கு மேல் உட்கார்ந்து போடுகிறார்கள். அந்த விலையின் காரணம் புரிய ஐந்து நிமிஷம் வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் வடை வாங்க ஓடுகிறவரிடம் அந்த ஐந்து நிமிஷத்தை நான் எப்படிக் கேட்பது?

---

நியூஜெர்ஸி ராகமாலிகா

நான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சீசனுக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பணத்தை அள்ளி வீசுவார்கள் என்று ஸ்டால்காரர்கள் பலர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை விட்ட பிறகுதான் எங்களால் கிளம்ப முடியும். அதனால் 21, 22 வாக்கில் வந்து இறங்குவோம். முதல் இரண்டு நாள் தூக்கம் பிடிபடாது. மதியக் கச்சேரியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். அந்த நாட்களில் யாரும் எதுவும் வாங்குவதில்லை, பார்த்து மட்டும் வைத்துக்கொள்வோம். வாங்குவது இரண்டு வேளையில். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வேண்டிய புடவை என்றால், டெய்லர் நாலு நாள் கேட்பார் என்பதால் கிறிஸ்துமஸுக்கு முன்பே. மற்றதெல்லாம் கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளில், பெட்டியை எடை போட்டுப் பார்த்த பிறகு. ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. அதில் அம்மா போட்டுக் கொடுக்கும் பொடியும் ஊறுகாயும் முதலில் ஏறிவிடும். மிச்ச இடத்துக்குத்தான் போட்டி. சுங்குடி எடை குறைவு, கசங்கினாலும் கவலையில்லை. அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு சின்னத் தராசு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கார்டு மெஷின் கட்டாயம் வேண்டும். எங்களில் பலரிடம் யுபிஐ கிடையாது. போனதடவை ஒரு ஸ்டாலில் இரண்டு புடவை எடுத்து வைத்துவிட்டு, ஏடிஎம் தேடிப் போய், திரும்பி வருவதற்குள் கச்சேரி தொடங்கிவிட்டது. அந்தப் புடவைகளை நான் வாங்கவே இல்லை. இன்னும் அந்த மாம்பழக் கலர் நினைவில் இருக்கிறது.

அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது, அங்கேயும் போகிறேன். அங்கே புடவையும் நகையும் விற்கும் ஸ்டால்களில் நான் வாங்கியது சென்னையில் வாங்கியதைவிட அதிகம். விலை அங்கேதான் கூடுதல், இருந்தும். நாள் முழுக்க ஒரே வளாகம், வெளியே குளிர், பிள்ளை போட்டியில் பாடி முடிக்கும் வரை அம்மாக்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. கூப்பன் கவுண்டர் சொன்ன அதே விஷயம்தான்.

---

சபா தொண்டர்

பல வருஷமாக ஒரு சபாவில் டிக்கெட் மேசையில் உதவுகிறேன். டிக்கெட் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டிக்கெட் விலை கூடினால் ஸ்டாலில் செலவு குறையும் என்று சொல்வார்கள். அது பாதிதான் சரி. எப்போது பணம் கொடுத்தார் என்பதைப் பார்க்க வேண்டும். சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் எப்போதோ கட்டிவிட்டார், அந்தப் பணம் அவர் மனதில் முடிந்துபோன கணக்கு. தினமும் வெறுங்கையோடு உள்ளே வருகிறார், பர்ஸ் அன்றைக்குத் திறக்கப்படவே இல்லை. அவர் கேண்டீனிலும் ஸ்டாலிலும் தாராளமாக இருப்பார். அன்றாட டிக்கெட்டுக்குக் காலையில் வரிசையில் நின்று, குடும்பத்தோடு நாலு பேருக்கு ஆளுக்கு 500 கொடுத்து வந்தவர், "இன்றைக்கு இதுவே போதும்" என்று நேராக சீட்டுக்குப் போய்விடுவார். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம். 500 என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இசை நிகழ்ச்சிக்கு 500 ரூபாய் வரை உள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, தாண்டினால் 18 சதவீதம். 2018 ஜனவரி வரை அந்த வரம்பு 250 ஆக இருந்தது. 500ல் நிறுத்தினால் ரசிகருக்கும் சுமை இல்லை, எங்களுக்கும் கணக்கு சுலபம்.

டைரி ரசிகன் சார் சொன்ன வெளியூர் விஷயத்தை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உள்ளூர்க்காரர்களைக் கைவிட்டுவிடாதீர்கள். லஸ், மந்தைவெளிப் பக்கம் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து ஒரு மாற்றம் பார்க்கிறேன். முன்பு மதியக் கச்சேரி கேட்டு வீட்டுக்குப் போய் மாலை திரும்பியவர்கள், இப்போது இரண்டு முறை டிராஃபிக்கில் மாட்ட வேண்டாம் என்று சபாவிலேயே இருந்துவிடுகிறார்கள். அவர்களும் இப்போது பாதி வெளியூர்தான்.

இன்னொரு யோசனை, கேட்காமலே சொல்கிறேன். ஜனவரியில் நாட்டிய விழாக்கள் வரும். அங்கே பார்வையாளர் குறைவு, ஆனால் ஆடும் பிள்ளையின் குடும்பமே ஒரு கூட்டம். அம்மா, பாட்டி, அத்தை எல்லாரும் ஒப்பனைக்காக மூன்று மணி நேரம் முன்பே வந்துவிடுவார்கள். பொங்கல் நெருங்கும் நேரம், கையில் எடுத்துக்கொடுக்க ஏதாவது தேடிக்கொண்டிருப்பார்கள். ஆறு நாளில் சரக்கு மீந்தால் அங்கே இரண்டு நாள் கேட்டுப் பாருங்கள்.

---

சுங்குடிக்கடை, மதுரை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை வைத்துக்கொண்டு நோட்டில் ஒரு காரியம் செய்தேன். விற்ற நேரத்தை நான் எழுதியதில்லை, ஆனால் கார்டு, ஜிபே ரசீதுகளில் நேரம் இருக்கிறதல்லவா. போன சீசன் ரசீதுகளை எல்லாம் தங்கச்சி மகள் எடுத்து வரிசைப்படுத்தினாள். 64ல் 37, மதியம் ஒரு மணிக்கும் மூன்றே முக்காலுக்கும் நடுவில். ஏழு மணிக்கு மேல் ஐந்தே ஐந்து. மாலை மட்டும் எடுத்திருந்தால் அந்த 37ம் போயிருக்கும்.

ஆறு நாள் முழு நேரம் எடுக்கிறேன் என்று இன்று காலை சபாவுக்குச் சொல்லிவிட்டேன். தேதி 22லிருந்து 27. கோவை ஐயா சொன்ன பென்ஷன் கவலை இருக்கிறது, அதற்காக ₹600க்கு கைமுடிச்சுத் துண்டும், குழந்தைப் பாவாடைத் துணியும் கொஞ்சம் சேர்க்கிறேன். மேசையை வாசலிலிருந்து எடுத்து, கை கழுவும் இடத்துக்கு எதிரே உள்ள தூண் பக்கம் போடலாமா என்று கேட்டேன். "அங்கே யாரும் கேட்டதே இல்லையே அம்மா, இடம் சும்மாதான் கிடக்கு" என்றார்கள். துண்டு நாலு வாங்கி வைத்தாகிவிட்டது.

நியூஜெர்ஸி அம்மா, மாம்பழக் கலரில் இந்த வருஷம் இரண்டு தனியாக முடிச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் சாயம் ஏறி வெயிலில் காய்ந்துவிட வேண்டும், அதனால் இந்த வாரமே நூல் கட்ட உட்காருகிறார்கள். ஒன்றை 27ம் தேதி இரவு வரை மடிப்புக் கலைக்காமல் எடுத்து வைக்கிறேன். இந்த வருஷம் வந்தால், தூண் பக்கம்.